டர்போ டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவில் பல கோடைகளாக ஒரு பழைய ஃபோர்டு எஃப்-250இல் கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலையேறி இறங்குகிறேன். 2002ஆம் ஆண்டு வண்டி, 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். டிரெய்லர் ஏறக்குறைய 9,000 பவுண்டு. புதிதாக டீசல் பிக்கப் வாங்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி எக்ஸாஸ்ட் சூட்டைப் பற்றியவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் விற்கும் கேஜ்கள் ஃபாரன்ஹீட்டில் காட்டுவதால் நானும் அதிலேயே சொல்கிறேன்.

வண்டியில் ஏற்கெனவே டெம்பரேச்சர் கேஜ் இருக்கிறதே. அது போதாதா?

போதாது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிறது. தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும்; அந்த முள் நகர ஆரம்பிப்பதற்குள் சிலிண்டருக்குள் பல நிமிடங்களாக அனல் அடித்திருக்கும். எரிந்து முடிந்து சிலிண்டரை விட்டு வெளியே பாயும் வாயுவின் சூடுதான் எக்ஸாஸ்ட் வெப்பநிலை. இதை அளக்கும் கருவிக்குப் பைரோமீட்டர் என்று பெயர். சிலிண்டர்களிலிருந்து வாயு வந்து சேரும் குழாயான மேனிஃபோல்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், சூட்டை உணரும் ஒரு தெர்மோகப்பிள் கம்பி, ஒயர், டேஷ்போர்டில் ஒரு கேஜ். அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஓரிரு நொடியில் முள் ஏறும், காலை எடுத்தால் உடனே இறங்கும். உங்கள் கால் செய்வதை எஞ்சின் எப்படி உணர்கிறது என்று அந்த நொடியிலேயே சொல்லும் கேஜ் வேறு கிடையாது.

பெட்ரோல் வண்டியில் இந்தப் பேச்சே இல்லையே. டீசலில் மட்டும் ஏன் இந்தக் கவலை?

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் போகின்றன. அழுத்தினால் இரண்டும் சேர்ந்து கூடும். அதில் பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாக விட்டால் சூடு குறையும். டீசல் அப்படியே தலைகீழ். டீசலில் காற்றை அடைத்து வைக்கும் கதவு இல்லை. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் கொள்கிற அளவு காற்று உள்ளே வரும். நீங்கள் மிதியை அழுத்தினால் கூடுவது டீசல் மட்டும். சும்மா நிற்கும்போது இருக்கிற காற்றில் சிறு பகுதிதான் எரியப் பயன்படும், மீதி சும்மா வந்து சும்மா போகும், போகும்போது சூட்டையும் வாங்கிக்கொண்டு போகும். அதனால்தான் ஐடிலில் 300 முதல் 400 டிகிரிதான் காட்டும்.

டிரெய்லருடன் மேடு ஏறும்போது டீசல் கூடிக்கொண்டே போகிறது. எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றும் டர்போ அதற்கு ஈடாகக் காற்றை அழுத்திக் கொடுக்கப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் டர்போவால் முடியாமல் போகும். உபரிக் காற்று குறையக் குறைய வாயு கொதிக்கும். சைடு மிரரில் கரும்புகை தெரிந்தால், டீசல் எரியப் போதிய காற்று இல்லை என்று பொருள். ஆக, எக்ஸாஸ்ட் சூடு என்பது காற்றுக்கும் டீசலுக்கும் நடக்கும் பேரம். சூட்டைக் குறைக்க முக்கியமாக இரண்டு வழி: காற்றைக் கூட்டு, அல்லது டீசலைக் குறை. கடையில் விற்கும் பெரும்பாலான பாகங்களும், ஓட்டுநர்கள் சொல்லும் பெரும்பாலான உத்திகளும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கும்.

சரி, எவ்வளவு வரை போகலாம்?

டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது, அலுமினியம் பிஸ்டன் உள்ள பழைய எஞ்சின்களுக்குப் பலரும் வைத்திருக்கும் கோடு 1,250 டிகிரி (செல்சியஸில் 677). நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: 1,100 வரை கவலையே இல்லை, நாள் முழுக்க ஓட்டலாம். 1,100க்கு மேல் ஒரு கண் கேஜில். 1,200ஐத் தொட்டால் ஏதாவது செய்ய வேண்டும். லாரியைத் தாண்டும்போது சில நொடிகள் 1,300 வந்து போனால் பிஸ்டன் உருகிவிடாது. ஆனால் அதே 1,300இல் ஐந்து நிமிடம் மேடு ஏறினால் அந்த எஞ்சினுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

டிரெய்லர் இல்லாமல் சமதளத்தில் போகும்போது 600 முதல் 800 வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எது வழக்கம் என்று முதல் மாதமே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுமினியம் 1,220 டிகிரியில் உருகும் என்று பள்ளியில் படித்தோமே. 1,250இல் பிஸ்டன் எப்படித் தாங்குகிறது?

நல்ல கேள்வி. வாயுவின் சூடும் பிஸ்டனின் சூடும் ஒன்றல்ல. நான்கு ஸ்ட்ரோக்கில் அனல் படுவது கொஞ்ச நேரம்தான். அடுத்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பிஸ்டனின் அடிப்பக்கம் எண்ணெய் பீச்சிக்கொண்டே இருக்கும் சிறு குழாய்கள் உண்டு. பக்கவாட்டில் ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும் சூடு இறங்குகிறது. வருகிற சூட்டை இவை இழுத்துக்கொண்டு போகும் வரை பிஸ்டன் உருகும் எல்லைக்குக் கீழேயே நிற்கும். வருவது போவதை மிஞ்சினால் முதலில் பிஸ்டன் தலையின் விளிம்பு மென்மையாகும், அப்புறம் கரையும்.

2020 மாடலில் ஃபோர்டு தன் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்குக்கு எஃகு பிஸ்டன் போட ஆரம்பித்தது. அது இன்னும் அதிகம் தாங்கும். அதற்காக டர்போவும் மேனிஃபோல்டும் வால்வும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

பைரோமீட்டரின் கம்பியை எங்கே பொருத்த வேண்டும்?

டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் ஒரு கோடை முழுக்க ஏமாந்திருக்கிறேன்.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு கடையில் கேஜ் போடச் சொன்னேன். அவர்கள் மேனிஃபோல்டைத் துளைக்கப் பயந்து டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் பொருத்திவிட்டார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை. மலையில் முழு அழுத்தத்தில் 950 காட்டியது. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நம்பி அந்தக் கோடை முழுவதும் அதே அழுத்தத்தில் ஓட்டினேன். குளிர்காலத்தில் கீழே படுத்து வேறு வேலை பார்க்கும்போதுதான் ஒயர் தப்பான இடத்துக்குப் போவதைக் கண்டேன். மேனிஃபோல்டில் புதிதாக ஒன்று பொருத்தி, அதே டிரெய்லர், அதே மேடு, அதே வேகம்: 1,270.

டர்போவைச் சுற்றவைப்பதே அந்த வாயுவின் சூடும் அழுத்தமும்தான். சக்தியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் வாயு குளிர்ந்திருக்கும். சுமையில் 200 முதல் 400 டிகிரி வரை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் ஒரே அளவாகவும் இருக்காது, அதனால் 'பின்னால் காட்டுவதோடு 300ஐக் கூட்டிக்கொள்' என்ற கணக்கை மேட்டில் நம்ப முடியாது.

7.3 போன்ற வி8 எஞ்சினில் ஒரு பக்க மேனிஃபோல்டில் போட்டால் அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டர்களின் கதைதான் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். டாட்ஜ் வண்டிகளில் வரும் கம்மின்ஸ் எஞ்சின் போல ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருந்தால், பல சிலிண்டர்களின் வாயு சேருகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

துளை போடும்போது இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடாதா?

போகலாம், அதனால்தான் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். டிரில் முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கெட்டியாகக் கிரீஸ் தடவி, கொஞ்சம் துளைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் தடவித் துளைக்க வேண்டும். கடைசித் துளியூண்டு தடிமன் உடையும் நேரத்தில்தான் பொறுமை தேவை. பிறகு மெல்லிய காந்தக் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்பதால் தூள் ஒட்டிக்கொண்டு வரும். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள், அதன் இறக்கையில் ஒரு சிறு துணுக்கு பட்டாலும் காயம்தான். மனம் ஒப்பவில்லை என்றால் மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத் துளையுங்கள். வேலை கூடும், நிம்மதியும் கூடும்.

மேடு ஏறிக்கொண்டிருக்கிறேன், முள் 1,250ஐத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய?

காலைக் கொஞ்சம் எடுங்கள், கியரை இறக்குங்கள். இந்த வரிசையிலேயே.

எனக்குப் பழக்கமான மேட்டை வைத்துச் சொல்கிறேன். ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கிலிருந்து டென்வருக்குத் திரும்பும்போது சில்வர்த்தார்ன் ஊர் சுமார் 9,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எட்டு மைல் சொச்சத்தில் ஐசன்ஹவர் சுரங்கத்தின் மேற்கு வாசல், 11,158 அடி. சில இடங்களில் ஏற்றம் 7 சதவீதம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 70 சதவீதம்தான். டர்போ அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது, ஆனால் அதற்கு அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அழுத்தப்படும் காற்றும் இன்னும் சூடாகிறது. டீசல் வண்டிக்கு மூச்சு முட்டுகிற இடம் அது.

முதல் வருடம் ஓவர்டிரைவிலேயே (கடைசியான நான்காவது கியர்) விட்டுவிட்டு 55 மைல் வேகத்தில் ஏறப் பார்த்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றுக்குக் கீழே திணறியது. அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் நடுக்கம். இப்போது செய்வது வேறு. ஏற்றம் தொடங்கும் முன்பே, சமதளத்திலேயே ஓவர்டிரைவை அணைத்து மூன்றாவது கியருக்கு வந்துவிடுவேன். 50 மைல் வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றில் நிற்கும். முள் 1,150ஐச் சுற்றியே இருக்கும். சுரங்கத்தை நெருங்கும்போது 1,200ஐத் தாண்டப் பார்த்தால் 45க்கு இறக்கிவிடுவேன். வலது ஓரப் பாதையில் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு லாரிகளோடு லாரியாக ஏறுவேன்.

வேகத்தைக் குறைப்பதால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்குப் பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16,500 பவுண்டு. 6 சதவீத ஏற்றத்தில் அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் 60 மைல் வேகத்தில் சுமார் 158 குதிரைத்திறன் வேண்டும். 45 மைலில் 119 போதும். காற்றைக் கிழிப்பதற்கு ஆகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால் அதிலும் பாதிக்கு மேல் மிச்சம். என் எஞ்சினின் முழுத் திறனே 250தான். எட்டு மைல் மேட்டில் 60இல் போவதற்கும் 45இல் போவதற்கும் நேர வித்தியாசம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

சுற்று அதிகமானால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லையா? டீசலை மெதுவாகச் சுற்றவிடுவதுதானே நல்லது?

சும்மா போகும்போது சரி. சுமையோடு ஏறும்போது அது தப்பு. அதே வேகத்துக்கு அதே சக்திதான் தேவை. 1,500 சுற்றில் அந்தச் சக்தியை எடுத்தால் ஒவ்வொரு முறை எரியும்போதும் அதிக டீசல் விழும், டர்போவும் முழு வீச்சுக்கு வந்திருக்காது. 2,200இல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக விழும், நிமிடத்துக்கு உள்ளே வரும் காற்றோ மிக அதிகம். தண்ணீர் பம்பும் எண்ணெய் பம்பும் கூட வேகமாகச் சுற்றும். சத்தம் கூடுகிறதே என்று பயப்படாதீர்கள். உங்கள் எஞ்சினுக்குக் குறித்திருக்கும் எல்லைக்குள் இருந்தால் அந்தச் சத்தத்தில் எஞ்சின் சுகமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் இதே மேட்டில் 1,150 காட்டியது. இந்த வருடம் 1,300. சுமை மாறவில்லை. என்ன காரணம்?

காற்று எங்கோ குறைகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்புகள்.

எனக்கு இது நடுவழியில் நடந்தது. டர்போ தரும் காற்றழுத்தத்தை அளக்கும், வழக்கமாக 18 பவுண்டு காட்டும் பூஸ்ட் கேஜ் அன்று 9ஐத் தாண்டவில்லை. மிரரில் கரும்புகை. எக்ஸாஸ்ட் முள் மட்டும் விறுவிறுவென்று ஏறியது. ஓரம் கட்டி, சில நிமிடம் ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்தேன். இன்டர்கூலர் குழாயின் ரப்பர் இணைப்பு கிளாம்பிலிருந்து அரை அங்குலம் நழுவி இருந்தது. அதன் விளிம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் ரோட்டுப் புழுதி ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம். துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, உள்ளே தள்ளி, கிளாம்பை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அந்த இணைப்புகளைக் கையால் தடவிப் பார்க்கிறேன். எண்ணெய் ஈரம் தட்டுப்பட்டால் அங்கே காற்று கசிகிறது.

இவை சரியாக இருந்தால், இன்டர்கூலர் இடுக்கில் பூச்சியும் தூசும் அடைத்திருக்கிறதா, டர்போவுக்குச் சூடான வாயுவைக் கொண்டுவரும் குழாய் கசிகிறதா (7.3இல் இது அடிக்கடி வரும், இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்), டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் எதுவும் சொட்டுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

எஞ்சினின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்ற சிப் போட்டால், டியூன் செய்தால் இழுவை கூடும் என்கிறார்களே?

கூடும். எப்படிக் கூடுகிறது என்றால், அதிக டீசலை விடுவதால். டர்போ அதே டர்போ, காற்று அதே காற்று. டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது அது தெரியாது. மேட்டில் முழு அழுத்தத்தில் ஐந்து நிமிடம் ஏறினால்தான் 1,400, 1,500 என்று போகும். டியூன் அவசியம் வேண்டும் என்றால் இழுவைக்கென்றே எழுதப்பட்டது மட்டும் போடுங்கள், வேகத்துக்கான அமைப்பை டிரெய்லர் மாட்டும் முன் மாற்றிவிடுங்கள். டீசல் விழும் நேரத்தை முன்னால் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், சிலிண்டரின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் அந்தச் சுமையை வாங்கும். கேஜில் எண் குறைந்ததை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) போன்ற மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றும் டியூன்கள் அமெரிக்காவில் சட்டவிரோதம். அதைப் பற்றிக் கேட்டால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பெரிய இன்டர்கூலர், பெரிய சைலன்சர் குழாய் பயன் தருமா?

இன்டர்கூலர் தரும். டர்போ அழுத்திய காற்று சூடாக இருக்கும். அதைக் குளிர்வித்தால் அதே இடத்தில் அதிகக் காற்று அடங்கும். டாட்ஜில் 1989இல் வந்த கம்மின்ஸுக்கு முதலில் இன்டர்கூலர் கிடையாது, சில வருடத்தில் சேர்த்தார்கள். ஃபோர்டு 7.3 பவர் ஸ்ட்ரோக்குக்கு 1999 சூப்பர் டூட்டியில்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டி உங்களிடம் இருந்தால் மேட்டில் இன்னும் நிதானம் வேண்டும். அகலமான எக்ஸாஸ்ட் குழாயும் பழைய வண்டிகளில் கொஞ்சம் உதவும். ஆனால் பணம் செலவழிக்கும் முன் கேஜ். கேஜ் இல்லாமல் எது எவ்வளவு உதவியது என்று எப்படித் தெரியும்?

என்னுடையது புது வண்டி. எனக்கு இதெல்லாம் தேவையா?

2007க்குப் பிந்தைய வண்டிகளில் கம்ப்யூட்டரே பல வெப்ப சென்சார்களைப் பார்த்துக்கொள்கிறது, அளவு மீறினால் சக்தியைக் குறைக்கவும் செய்யும். ஆனால் அந்த சென்சார்கள் பெரும்பாலும் டர்போவுக்குப் பின்னால், டி.பி.எஃப்.ஐச் சுற்றி இருக்கின்றன. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியில் பார்க்கும்போது அதை நினைவில் வையுங்கள். டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் வேண்டுமென்றே 1,000 முதல் 1,100 டிகிரி வரை சூடாக்கப்படும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது திடீரென்று அந்த எண் தெரிந்தால் பதற வேண்டாம். அந்த நேரத்தில் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், அது முக்கியம்.

கியரை இறக்குவது, வேகத்தைக் குறைப்பது இரண்டும் புது வண்டிக்கும் பொருந்தும். சுமை இழுப்பதற்கென்றே இருக்கும் டோ-ஹால் பட்டனை அழுத்தினால் கியர் விஷயத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கலாமா?

எங்கிருந்து வந்து நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுரங்கத்தைத் தாண்டி டென்வர் பக்கம் இறங்கினால், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே பல மைல் இறங்குகிறோம். எஞ்சினில் டீசலே விழாது, முள் தானாக 400க்கு வந்துவிடும். ஜார்ஜ்டவுனில் நிறுத்தும்போது டர்போ ஆறியிருக்கும்.

ஆபத்து வேறு இடத்தில். ஹைவேயில் முழுச் சுமையோடு ஏறி வந்து, எக்ஸிட் எடுத்து, ஒரு நிமிடத்தில் பெட்ரோல் பங்க்கில் நின்று சாவியைத் திருப்புவது. எண்ணெய் ஓட்டம் அந்த நொடியே நிற்கிறது. டர்போவின் தண்டில் தங்கிய எண்ணெய் அந்த அனலில் கருகி, பேரிங்கில் கரியாகப் படிகிறது. ஒரு முறையில் ஒன்றும் ஆகாது, பல முறை செய்தால் டர்போ போய்விடும். முள் 400க்குக் கீழே வரும் வரை ஐடிலில் விடுங்கள். வெயில் நாளில் இரண்டு மூன்று நிமிடம், கடும் மேட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த நேரத்தில் நான் கீழே இறங்கி டிரெய்லர் டயர்களையும் வீல் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு வீல் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. சுற்றி வந்து ஏறும்போது முள் 350இல் இருக்கும். அப்போது அணைப்பேன்.